பாட்டிலிருந்து ஒரு கடுதாசி

என் சிநேகிதர் ஒருவருடைய பெண் காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். சென்ற மாசியில் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனவன், அவர்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கும்படி ஆயிற்று. மறுநாள் காலை காப்பி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"மாமா, நீங்க கதை எழுதறவர். இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றாள்.

ஊருக்குப் போன இடத்தில் கையெழுத்துப் பிரதி படிப்பது என்பது எழுத்தாளனுக்கு வாய்த்த சாபம். ஆனால் இவை கவிராயர்களின் பிரதிகள் அல்ல. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகள், முப்பத்தொன்று. கவிமணியின் 'ஆசிய ஜோதி'யில், பிம்பிசார மன்னனுடைய யாகத்துக்கு ஓட்டிச் செல்லப்படும் மந்தையையும், நொண்டிய குட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகும் புத்தரையும் பற்றிய பகுதியை அவள் வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்டார்களாம். அந்த உற்சாகத்தில், "இந்தப் பாட்டில் வருகிற ஒருவர் எழுதுவதுபோல் ஒரு கடிதம் எழுதுக" என்று சொல்லியிருக்கிறாள்.

யோசனை நல்ல யோசனை. கவிமணியே வாழ்நாளில் பெரும்பகுதி உபாத்தியாயராக இருந்தவர், கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கதை சொல்கிற பாட்டு குழந்தையின் மனசில் எளிதில் இறங்கிவிடுகிறது. கேட்டதைத் திருப்பிச் சொல் என்றால் சொல்லிவிடும். அதோடு நிறுத்தாமல், கதைக்குள் போய் ஒருவனுடைய வாயால் பேசு என்று சொல்லும்போது, குழந்தை தன்னை அறியாமலே எழுத்தாளன் செய்கிற காரியத்தைச் செய்யத் தொடங்குகிறது. இதை நான் மட்டமாக நினைக்க முடியுமா?

நோட்டுகளைப் புரட்டினேன். முப்பத்தொன்றில் இருபத்தாறு கடிதங்கள் மன்னனுக்கு. மூன்று புத்தருக்கு. இந்த இருபத்தொன்பதும் ஏறக்குறைய ஒரே கடிதம்தான். மதிப்பிற்குரிய மகாராஜா அவர்களுக்கு, நலம் நலமறிய ஆவல், தாங்கள் யாகம் செய்ய நினைத்தீர்கள், புத்தர் வந்தார், உயிரைக் கொல்வது பாவம் என்றார், தாங்கள் யாகத்தை நிறுத்திவிட்டீர்கள், மிக்க நன்றி, இப்படிக்கு ஆட்டுக்குட்டி. கீழே ஒரு கட்டம் போட்டு உறைமேல் முகவரி: பிம்பிசார மகாராஜா, அரண்மனை, ராஜகிருகம். ஒரு பையன் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு ஆறு கட்டங்கள் வரைந்து காலியாக விட்டிருந்தான். அந்த நாணயம் எனக்குப் பிடித்திருந்தது.

எழுத்துப் பிழை அதிகம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. யாகசாலையில் நின்றவன் மன்னன். யாகத்தை நிறுத்தியவன் மன்னன். அவனுக்கே அவன் செய்ததை இருபத்தாறு பேர் கடிதம் போட்டுத் தெரிவிக்கிறார்கள். மன்னனுக்கு மறதி வியாதி இருந்தாலொழிய இந்தக் கடிதங்களுக்கு அவசியமே இல்லை. பிள்ளைகள் எழுதியது கடிதம் அல்ல. கதைச் சுருக்கத்தை உறையில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

குற்றம் பிள்ளைகளுடையதல்ல. கடிதம் எழுத நாம் அவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். வலது பக்கம் இடம், நாள், இடது பக்கம் விளிப்பு, நடுவில் செய்தி, கடைசியில் இப்படிக்கு. உடம்பின் பாகங்களைச் சொல்லித் தருவதுபோல் கடிதத்தின் பாகங்களைச் சொல்லித் தருகிறோம். உயிர் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. நம் குழந்தை முதன்முதலில் எழுதக் கற்கிற கடிதம் எது என்பதையும் யோசித்துப் பாருங்கள்: விடுமுறை விண்ணப்பம். 'காய்ச்சல் காரணமாகப் பள்ளிக்கு வர இயலவில்லை.' காய்ச்சல் இல்லாத குழந்தையும் அதையேதான் எழுதும், ஏனென்றால் பலகையில் அப்படித்தான் எழுதிப் போட்டிருக்கிறது. கடிதம் என்றால் இல்லாததை முறைப்படி எழுதுவது என்ற எண்ணம் எட்டு வயசிலேயே ஊன்றிவிடுகிறது. பிறகு அதைப் பிடுங்கி எறிவது பிரம்மப் பிரயத்தனம்.

முப்பதாவது நோட்டில் ஆட்டுக்குட்டி தன் தாய்க்கு எழுதியிருந்தது. 'நீ முன்னாலே போ, நான் சாமியார் தோளில் வருகிறேன், திரும்பித் திரும்பிப் பார்த்து விழுந்துவிடாதே' என்று. இது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரச் செய்தது. எட்வின் ஆர்னால்டின் ஆங்கில மூலத்தில், 1879-ல் வெளிவந்த புத்தகம் அது, தாய் ஆட்டுக்கு இரண்டு குட்டிகள். முன்னே ஓடுகிற ஒன்றுக்கும் பின்னே நொண்டுகிற ஒன்றுக்கும் நடுவில் தாய் தவிக்கும். எதை விடுவது? அந்தத் தவிப்பை இந்தக் குழந்தை எங்கிருந்தோ மோப்பம் பிடித்திருக்கிறது.

கடைசி நோட்டுக்கு அவள் பத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டிருந்தாள். சிவப்பு மையில், 'பாட்டின் கருத்து வரவில்லை. பேச்சு வழக்கைத் தவிர்க்கவும்' என்று குறிப்பு. கடிதத்தை அப்படியே தருகிறேன்:

"தம்பிக்கு அப்பா எழுதுவது. ராசா யாகம் வேண்டாம்னு சொல்லிட்டாரு. ஆட்டை எல்லாம் திருப்பி ஓட்டிக்கிட்டு வரணும். மத்தியான வெயில்ல ஓட்டுனதுல ரெண்டு ஆடு படுத்துருச்சு. கூலி யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியல. ஒரு சாமியாரு நொண்டிக்குட்டியத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தாரு. நான் தூக்கியிருக்கணும். எனக்குத் தோணல. நாளைக்கு வந்துருவேன். வராட்டி தேடாதீங்க."

நான் இதை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை, சத்தம் போட்டு அவளுக்கே படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா பாட்டு ஜீவகாருண்யத்தைப் பத்தினது. இவன் கூலியைப் பத்தி எழுதியிருக்கான். மேலேயிருந்து வந்து நோட்டைப் பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றாள்.

அவள் பக்கத்து நியாயத்தை நான் ஒதுக்கிவிட முடியாது. முப்பத்தொரு பிள்ளைகளும் ஆறாம் வகுப்புக்குப் போகிறபோது எழுத்துத் தமிழில் நாலு வாக்கியம் பிழையில்லாமல் எழுத வேண்டும். அதற்குப் பொறுப்பு அவள். கதாசிரியன் வந்து, பேச்சு வழக்கில் உயிர் இருக்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு ரயிலேறிப் போய்விடலாம். ஆனால் 'பாட்டின் கருத்து வரவில்லை' என்ற வாக்கியத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பாட்டின் கருத்து முழுக்க இரண்டு சின்ன வாக்கியங்களில் வந்திருக்கிறது: நான் தூக்கியிருக்கணும், எனக்குத் தோணல. புத்தரைப் பார்த்த பிறகு ஒரு சாதாரண மனிதனுக்குள் என்ன நடந்தது என்பது அங்கே இருக்கிறது. யாகத்தை நிறுத்தி, அந்தக் கட்டளையைக் கல்லிலே பொறிக்கும்படி உத்தரவு போட்டதெல்லாம் ராஜா செய்கிற காரியம். இடையனுக்குக் கல்லும் இல்லை, உளியும் இல்லை. வெட்கம்தான் இருக்கிறது. அதை வீட்டில் உள்ள பிள்ளைக்குச் சொல்கிறான்.

கூலி விஷயம் என்ன ஆயிற்று என்று கவி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் கதை சொல்கிற பாட்டு ஒவ்வொன்றிலும் கவி வெளிச்சம் போடாத மூலை ஒன்று இருக்கும். ஆர்னால்டின் கணக்குப்படி நூறு வெள்ளாடும் நூறு செம்மறியும். வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்த இருநூறு பிராணிகளை இரவில் யார் எங்கே மடக்கினார்கள்? இந்தப் பையன் அந்த மூலைக்குப் போய் நின்றுகொண்டிருக்கிறான்.

"யாரும்மா இந்தப் பையன்?" என்று கேட்டேன்.

கீதாரி வீட்டுப் பையன் என்றாள். தஞ்சைப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருகிறவர்கள் இவர்கள். அறுவடை முடிந்த வயலில் இரவு ஆடுகளை மடக்கிக் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நிலத்துக்காரர் அதற்குப் பணமோ நெல்லோ கொடுப்பார். ஒரு வயலில் சில இரவு, பிறகு அடுத்த வயல், அடுத்த ஊர். இந்தப் பையனை அத்தை வீட்டில் விட்டுவிட்டு அப்பா மந்தையோடு போயிருக்கிறார். பேசினபடி கூலி கொடுக்காத மிராசுதாரைப் பற்றி வீட்டில் பேச்சு நடந்திருக்கும். பிம்பிசாரனும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டான்.

இதைத் தெரிந்துகொண்டதும் கடிதம் வேறு மாதிரி தெரிந்தது. அப்பா பிள்ளைக்கு எழுதுவதாகப் பிள்ளை எழுதியிருக்கிறான். தனக்கு வரவேண்டிய கடிதத்தைத் தானே எழுதிக்கொண்டிருக்கிறான் என்று சொன்னால் மிகையாகுமோ என்னவோ. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. மற்ற இருபத்தொன்பது பேருக்கு இல்லாத ஒன்று இவனுக்கு இருந்தது. கடிதத்துக்கு இரு முனைகள் உண்டு, நடுவில் தூரம் உண்டு, ஒரு முனையில் இருப்பவனுக்குத் தெரிந்தது மறுமுனையில் இருப்பவனுக்குத் தெரியாது என்பதை இவன் அனுபவத்தில் அறிந்திருந்தான்.

அன்று மத்தியானம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். என் கட்சி இதுதான். ஒரு பாட்டை வைத்துக் கடிதம் எழுதச் சொல்வதற்கு முன்னால், அந்தக் கதையில் யாருக்கு எது தெரியாது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்ல வேண்டும். அது அகப்பட்டுவிட்டால் விளிப்பும் முடிப்பும் தானாக வந்துவிடும். அகப்படாவிட்டால் எத்தனை 'நலமறிய ஆவல்' போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

இதற்கு நம்மிடமே பெரிய உதாரணம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி இரண்டு கடிதம் எழுதுகிறாள். காவியம் ஐந்தாம் வகுப்புக்கானதல்ல. ஆனால் கதையாகச் சொன்னால் குழந்தைகள் கேட்பார்கள். உபாத்தியாயருக்கோ அதைப் போலப் பாடம் வேறெங்கும் கிடைக்காது. முதல் கடிதம் மிக அலங்காரமானது. பூக்கள் சூழ்ந்த தாழை மடல், செம்பஞ்சுக் குழம்பு மை, பிச்சி மொட்டு எழுதுகோல். சமாசாரம் என்ன? வசந்தம் வந்துவிட்டது, நிலா வாட்டுகிறது. வசந்தமாலை அதைக் கொண்டுபோய்த் தானியக் கடைத் தெருவில் கோவலனிடம் நீட்டுகிறாள். அவன் வாங்க மறுக்கிறான். நாடக மகளுக்கு இப்படியெல்லாம் நடிக்கத் தெரியும் என்பது அவன் எண்ணம். அவன் செய்தது நியாயமா என்பது வேறு பிரச்னை. ஆனால் வசந்தம் வந்ததும் நிலா காய்வதும் புகார் நகரம் முழுவதற்கும் தெரிந்த செய்தி. அதைக் கடிதமாக அனுப்பினால் வாங்குகிறவன் இதில் எனக்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைப்பான். பிம்பிசாரனுக்கு வந்த இருபத்தாறு கடிதங்களும் இந்த ஜாதி.

இரண்டாவது கடிதம் மதுரைக்குப் போகிற வழியில் வருகிறது. கௌசிகன் என்ற அந்தணன் கொண்டுவருகிறான். கோவலன் உருமாறிப் போயிருப்பதால் அவன்தானா என்று கௌசிகனுக்குச் சந்தேகம். பக்கத்தில் வாடி நிற்கிற மாதவிக் கொடியைப் பார்த்து, கோவலனைப் பிரிந்த மாதவியைப் போல நீயும் வாடினாயோ என்று கேட்கிறான், கோவலன் திரும்புகிறான். இந்த யுக்தியை நினைத்து நான் பலமுறை பொறாமைப்பட்டிருக்கிறேன். கடிதத்தை வாங்கியதும் முத்திரையில் அவள் கூந்தலின் நெய் மணம் அவனுக்குத் தெரிகிறது. உள்ளே அலங்காரம் எதுவும் இல்லை. உங்கள் அடியில் விழுகிறேன், பெற்றோருக்குப் பணிவிடை செய்வதையும் விட்டு, குலமகளோடு இரவில் ஊரை விட்டுப் போகும்படி நான் செய்த பிழை என்ன என்று தெரியவில்லை என்கிறாள். இது அவள் ஒருத்தியால் மட்டுமே எழுதக்கூடியது. அவன் ஒருவனால் மட்டுமே பதில் சொல்லக்கூடியது. அவள்மேல் குற்றமில்லை, குற்றம் என்னுடையது என்று அப்போதுதான் அவன் உணர்கிறான்.

அதற்குப் பிறகு இளங்கோ செய்வதுதான் அபூர்வம். இந்தக் கடிதத்தின் வாசகம் என் தாய் தந்தையருக்கு நான் எழுதவேண்டியதற்கும் பொருந்துகிறது, இதையே கொண்டுபோய் அவர்களிடம் கொடு என்று கோவலன் திருப்பி அனுப்பிவிடுகிறான். சொல்லாமல் இரவோடு இரவாகப் புறப்பட்டு வந்த பிள்ளை. பெற்றோருக்கு எழுத அவனுக்குச் சொந்தமாக வார்த்தை இல்லை. தன்னிடம் மன்னிப்புக் கேட்டவளுடைய வார்த்தையைக் கடன் வாங்கித் தன் மன்னிப்பைக் கேட்கிறான். ஒரே கடிதம் இரண்டு உறவுகளுக்கு நடுவில் பயணம் செய்கிறது. இதைப் படித்துவிட்டு, கோவலன் தன் தகப்பனாருக்கு எழுதும் கடிதம் என்று ஒரு பயிற்சி கொடுத்தால் பிள்ளைகள் வெகு நன்றாக எழுதுவார்கள். அடித்த பந்து அடுத்த வீட்டு ஓட்டை உடைத்துவிட்டால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்காத பிள்ளை உண்டா?

இன்னொன்றும் நம் கையிலேயே இருக்கிறது. சங்க அகப்பாட்டு ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குறிப்பு உண்டு: இது தலைவி தோழிக்குச் சொன்னது, இது செவிலி நற்றாய்க்குச் சொன்னது என்று. யார், யாரிடம், எந்தச் சமயத்தில் என்ற மூன்றும் தெரிந்தால்தான் பாட்டு திறக்கும். கூற்று என்று பண்டிதர்கள் பெயரிட்டு, பரீட்சைக்கு மனப்பாடம் செய்யவைத்து, அதன் சுவையைக் கெடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் கடிதம் எழுதுமுன் அதன் தலையில் இப்படி ஒரு வரி எழுதிவைத்துக்கொண்டால் போதும்: இது, யாகம் நின்ற அன்று இரவு, கூலி கிடைக்காத இடையன் மகனுக்கு எழுதியது. அதற்குமேல் உபாத்தியாயர் அதிகமாகச் சொல்ல வேண்டியதில்லை.

மேல்நாட்டில் இந்தப் பயிற்சி நன்றாகவே நடக்கிறது என்று சொல்வார்கள். நடக்கிறது, கோளாறும் நம்முடையதுதான். ராபர்ட் பிரௌனிங் 1842-ல் வெளியிட்ட ஹாம்லின் குழலூதியின் பாட்டை இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிகளில் வாசிக்கிறார்கள். நோயாய்ப் படுத்திருந்த, படம் வரைவதில் ஆசையுள்ள ஒரு சிறுவனுக்காக எழுதிய பாட்டு அது. ஊரில் எலித் தொல்லை, குழலூதி வருகிறான், ஆயிரம் கில்டர் பேசி எலிகளை ஆற்றில் இறக்கிவிடுகிறான், மேயர் ஐம்பதுதான் தருவேன் என்கிறார், குழலூதி இந்தத் தடவை குழந்தைகளை மலைக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். இதை வைத்து அங்கே வழக்கமாகக் கொடுக்கிற பயிற்சி, எலித் தொல்லையைப் பற்றி மேயருக்குப் புகார்க் கடிதம். ஆனால் பாட்டில் ஜனங்கள் கூட்டமாக நகர மண்டபத்துக்கே போய் மேயரை முகத்துக்கு நேராகத் திட்டிவிட்டு வருகிறார்கள்! முகத்துக்கு நேரே சொன்னதைப் பிறகு தபாலில் சேர்ப்பானேன்? புகார்க் கடிதத்தின் அமைப்பைக் கற்றுக்கொடுக்க வேண்டும், பாட்டு ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான். பாட்டு இங்கே கொக்கி. பையை மாட்டியபிறகு கொக்கியை யார் பார்க்கிறார்கள்?

அதே பாட்டில் கடிதம் எழுதக் காத்துக்கொண்டிருக்கிறவர்கள் இரண்டு பேராவது இருக்கிறார்கள். ஒருவன், கால் ஊனத்தால் மற்றவர்களோடு ஓட முடியாமல் பின்தங்கிப்போன சிறுவன். மலை மூடிக்கொண்டது, அவன் மட்டும் வெளியே. விளையாட ஆளில்லாத ஊரில் தனியாக இருக்கிறான். உள்ளே போனவர்களுக்கு ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியாது. இவனுக்கோ உள்ளே என்ன என்று தெரியாது. இதைவிட ஒரு கடிதத்துக்கு என்ன வேண்டும்? இன்னொன்று, ஆற்றில் முழுகாமல் நீந்திக் கரையேறிய ஒற்றை எலி. அது தன் நாட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னதாகக் கவியே எழுதியிருக்கிறார்.

பிள்ளைகள் எழுதுகிற பிழைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோமாபுரிக் கவி ஓவிட், பழைய கதைகளில் வருகிற பெண்கள் தங்கள் நாயகர்களுக்கு எழுதுவதாகக் கடிதப் பாடல்கள் பாடியிருக்கிறான். நம்முடைய பயிற்சிக்கு இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டனார் என்று அந்தப் புத்தகத்தைச் சொல்லலாம். அதில் பெனெலோப்பி, இருபது வருஷமாக வீடு திரும்பாத யுலிஸஸுக்கு எழுதுகிறாள். பதில் போடவேண்டாம், நீயே வா என்கிறாள். போரில் சிறைபிடிக்கப்பட்ட பிரைஸீயிஸ் அகிலீஸுக்கு எழுதுகிறாள். கிரேக்கம் அவளுக்குப் பிற பாஷை. என் எழுத்து செம்மையாக இராது, அங்கங்கே அழிந்திருப்பது என் கண்ணீரால் என்று தொடங்குகிறாள். ஓவிட் அவளுக்குச் சிவப்பு மையில் குறிப்பு எழுதவில்லை. யார் எழுதுகிறார்களோ அவர்களுடைய பாஷையில் எழுதுவதும் கடிதத்தின் செய்தியிலேயே ஒரு பகுதி. இடையன் "தோணல" என்பதுதான் சரி. மந்திரி எழுதினால் "தோன்றவில்லை" என்று எழுதட்டும். இதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டால், ஒரே வாரத்தில் இரண்டு பாஷையையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். எழுத்துத் தமிழ் வேண்டும் என்கிற அவள் கவலையும் தீர்ந்துவிடும் என்று வாதாடினேன். அவள் அரைகுறையாகத்தான் ஒப்புக்கொண்டாள்.

பேச்சோடு பேச்சாக அவள் ஒரு தகவல் சொன்னாள். சர்வதேசத் தபால் சங்கம் 1971 முதல் உலகச் சிறுவர்களுக்காகக் கடிதப் போட்டி நடத்திவருகிறது. 2025-ல் கொடுத்த தலைப்பு: நீ சமுத்திரம் என்று கற்பனை செய்துகொள்; உன்னை ஏன், எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருவருக்குக் கடிதம் எழுது. நல்ல எண்ணத்தோடு கொடுத்த தலைப்புத்தான். ஆனால் சமுத்திரத்துக்குத் தெரியாதது எது, யாரிடம் அதற்கு வெட்கம், யாரை அது தேடுகிறது? ஒன்பது வயசுப் பிள்ளை இதற்குப் பிரசங்கம்தான் எழுதும். சமுத்திரத்தை விட்டுவிட்டு, வலையை இழுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற ஒருவனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிள்ளை கரையேறிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பயமான ஒரு விஷயமும் இருக்கிறது. 'ஆசிய ஜோதி'யில், மகனைப் பறிகொடுத்த தாய் கடுகு கேட்டு வீடு வீடாய்ப் போகிற கதையும் உண்டு. அடுத்த வாரம் அதை வாசித்து, அந்தத் தாய் எழுதும் கடிதம் என்று கொடுக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பழைய கிரேக்கப் பாடசாலைகளில் இப்படிச் செய்வார்கள். இறந்துகிடக்கும் குழந்தைகளின் முன்னால் நியோபி என்ன சொல்லுவாள் என்பது அங்கே வாலிபர்களுக்கு வைக்கிற பயிற்சி. மாதிரிப் பாடம்கூட எழுதிவைத்திருக்கிறார்கள். வாசாலகம் வளர அது உதவியிருக்கலாம். முப்பத்தொரு குழந்தைகள் உள்ள வகுப்பில், வீட்டில் சாவு விழுந்த குழந்தை ஒன்றாவது இருக்கும். அந்தக் குழந்தைக்கு அது பயிற்சியாக இருக்காது. கீதாரி மகனுக்கு இடையனின் கடிதம் வழி திறந்துவிட்டது உண்மைதான். ஆனால் அவனாகத் தேடிப்போன வழி அது. நாம் பிடித்துத் தள்ளியதல்ல. எந்தப் பாட்டைக் கொடுப்பது என்பதைவிட, இதில் யாராக வேண்டுமானாலும் இருந்துகொள் என்று விட்டுவிடுவதில்தான் உபாத்தியாயரின் சாமர்த்தியம் இருக்கிறது. கடுகு கேட்கப்போன வீட்டுக்காரி எழுதட்டும், கதவருகே நின்று கேட்ட அடுத்த வீட்டுப் பிள்ளை எழுதட்டும். தாயாக இருக்க விரும்புகிற குழந்தை தானாகவே இருந்துகொள்ளும்.

நான் ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு தபால் வந்தது. கைபேசியில் பேசாமல் உள்நாட்டுக் கடிதத்தில் எழுதியிருந்தாள். கிண்டலுக்குத்தான் என்று நினைக்கிறேன். குழலூதியின் கதையைத் தமிழில் சொன்னாளாம். பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதிப்போட்டாளாம்: எழுதுகிறவருக்குத் தெரிந்து, படிக்கிறவருக்குத் தெரியாதது என்ன? அப்படியும் பாதிப் பேர் மேயருக்குத்தான் எழுதினார்கள். மேயருக்கு எழுதுவதில் ஒரு கௌரவம் இருக்கிறது போலிருக்கிறது. மீதிப் பேரில் ஒரு பெண், பின்தங்கிய சிறுவன் மலைக்குள் இருக்கும் தோழனுக்கு எழுதுவதாக, 'உங்க வீட்டு நாய் இப்ப என் பின்னாடி வருது, நீ வந்தா திருப்பிக் குடுத்துருவேன்' என்று எழுதியிருக்கிறாள். ஒரு பையன் எலியாக மாறி, பாட்டுக் கச்சேரி நடக்கிற ஊர்ப்பக்கமே போகக்கூடாது என்று தன் ஜாதிக்காரர்களை எச்சரித்திருக்கிறான். இவனுக்கு வீட்டில் சங்கீத வகுப்பு நடக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

கீதாரி மகன் அன்று எதுவும் எழுதவில்லையாம். மணி அடித்த பிறகு வந்து, நிஜமான தபால் அட்டை ஒன்று கிடைக்குமா என்று கேட்டிருக்கிறான். அப்பாவிடம் போனில் பேசலாமே என்றாளாம். போனில் அப்பா "நல்லாப் படி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார் என்றானாம். அட்டை வாங்கிக் கொடுத்தாள். இரண்டு பேருமாக உட்கார்ந்து விலாசத்துக்கு வந்தபோதுதான் சங்கடம் புரிந்தது. கிடைக்கு ஏது விலாசம்? இந்த வாரம் எந்த வயல் என்று அத்தையைக் கேட்டு, அந்த ஊர் டீக்கடைக்காரர் பேரைப் போட்டு, அவர் மூலமாக என்று எழுதியிருக்கிறார்கள். இந்தத் தடவை பிழை திருத்தவில்லை என்று எனக்கென்று ஒரு வரி சேர்த்திருந்தாள். படிக்கக் கூடாது என்றுதான் இருந்தாளாம். அட்டையானதால் ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது. வெள்ளைக் குட்டிக்குக் கால் சரியாச்சா என்று கேட்டிருந்தான்.

அவளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். கிடை இதற்குள் வேறு ஊருக்குப் போயிருக்கும். டீக்கடைக்காரரிடமிருந்து ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்டிருக்கிறேன்.